போன் ஒட்டுக்கேட்கவில்லை, படிவத்தில் போட்ட இலக்கம்தான் போய்ச் சொன்னது

கேள்வி:

"நான் களுவாஞ்சிக்குடி. கலியாணம் முடிச்சு நாலு வருஷம், இன்னும் பிள்ளை இல்ல. போன மாசம் கொழும்பில இருக்கிற தனியார் ஆஸ்பத்திரி ஒண்டுட வெப்சைட்டைப் பார்த்தன். ஆருக்கும் தெரியக் கூடாதெண்டு குரோமில இன்கொக்னிட்டோ போட்டுத்தான் பார்த்தன். 'நாங்கள் உங்களை அழைக்கிறோம்' எண்டு இருந்த படிவத்தில பேரும் போன் நம்பரும் குடுத்தன். ரெண்டு நாள்ல என்ட பேஸ்புக் முழுக்கக் குழந்தைப்பேறு சிகிச்சை விளம்பரம். மறுகா ஒரு கிழமையில மச்சாள்ட போனிலயும் அதே விளம்பரம் வந்திட்டு. 'இது ஏன் எனக்கு வருது?' எண்டு மாமிக்கு முன்னால கேட்டுட்டா. வீட்டில எல்லாருக்கும் ஒரே ரவுட்டர்தான். ராவையில நானும் அவரும் இதைப் பற்றிக் கதைக்கிறதைப் போன் கேட்குதா? போன் கடையில காட்டினன். அவர் 'அன்டி ஸ்பை' எண்டு ஒரு அப் போட்டுத் தந்து 1,500 ரூபா எடுத்தார். ரீசெட் போட்டா எல்லாம் போயிரும் எண்டும் சொன்னார். ரீசெட் போடவா? பேஸ்புக்கை அழிச்சிரவா? விபிஎன் போட்டாச் சரி வருமா? அம்மா சவூதியில. வட்ஸ்அப், இமோ இல்லாம எனக்கு இருக்க ஏலாது."

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ரீசெட் போடாதீர்கள். கடைக்காரர் போட்டுத் தந்த அப்பை மட்டும் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். இந்த இரண்டும்தான் அவசரம், மற்றதை ஆறுதலாகச் செய்யலாம்.

ரீசெட் ஏன் உதவாது என்றால், உங்களைப் பற்றிய குறிப்பு உங்கள் போனுக்குள் இல்லை. அது பேஸ்புக்கின் தாய்க் கம்பனியான மெட்டாவின் கணினிகளில், உங்கள் கணக்கோடு சேர்ந்து கிடக்கிறது. போனை வெறுமையாக்கிவிட்டு அதே இலக்கத்தால் மறுபடி பேஸ்புக்குக்குள் போனால் அதே விளம்பரங்கள் திரும்ப வரும். பேக்கப் எடுக்காமல் செய்திருந்தால் படங்களும் அம்மாவின் வட்ஸ்அப் குரல் பதிவுகளும் போனதுதான் மிச்சம்.

அந்த அப்பின் கதை இதைவிடக் கவலைக்குரியது. போனில் விளம்பரக் கம்பனிகளின் பின்தொடர்தலை ஒரு 'அன்டி ஸ்பை' அப்பால் நிறுத்த முடியாது. ஆனால் அப்படிச் சொல்லிக்கொண்டு வரும் பல அப்கள் 'அக்சஸிபிலிட்டி' அனுமதியைக் கேட்கின்றன. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டுவதற்காக வைக்கப்பட்ட அனுமதி அது. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் தெரியும் எழுத்தையெல்லாம் அந்த அப் வாசிக்கலாம், உங்களுக்குப் பதிலாகப் பொத்தான்களையும் அழுத்தலாம். செட்டிங்ஸில் 'அக்சஸிபிலிட்டி'க்குள் போய் 'இன்ஸ்டோல்ட் அப்ஸ்' அல்லது 'டவுன்லோடட் அப்ஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். அந்த அப்பின் பெயர் அங்கே 'ஒன்' என்று இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் 'அன்இன்ஸ்டோல்' பொத்தான் மங்கலாக இருந்து வேலை செய்யாவிட்டால், செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'டிவைஸ் அட்மின்' என்று தேடி, அந்தப் பட்டியலிலும் அதன் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி கழற்றுங்கள். கடைசியாகப் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தை அழுத்தி 'பிளே புரொடெக்ட்', 'ஸ்கேன்'. அக்சஸிபிலிட்டி திறந்து இருந்திருந்தால், வங்கி அப்பின் கடவுச்சொல்லையும் ஜிமெயிலின் கடவுச்சொல்லையும் கணவரின் போனிலிருந்து மாற்றிவிடுங்கள்.

கடை விஷயத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். போன் வாங்கும்போது கடையிலேயே ஜிமெயில் திறந்து கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். வீட்டில் இரண்டு மூன்று போனுக்கு ஒரே ஜிமெயிலைப் போட்டுவிடுவதும் உண்டு. செட்டிங்ஸில் 'கூகுள்' என்பதை அழுத்தி, மேலே எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள். அதே முகவரி மச்சாளின் போனிலும் இருந்தால், நீங்கள் கூகுளில் தேடுவதும் யூடியூபில் பார்ப்பதும் அவருடைய போனிலும் தலைகாட்டும். அப்படியானால் கூகுள், யூடியூப் பக்கத்து விளம்பரங்களுக்கு வேறு விளக்கம் தேடவே தேவையில்லை. உங்களுக்குத் தனியாக ஒரு ஜிமெயில் திறந்து, கடவுச்சொல்லை நீங்களே வைத்து, மீட்பு இலக்கமாக உங்கள் சிம் இலக்கத்தைக் கொடுங்கள்.

இனி, போன் கேட்கிறதா என்ற கேள்வி. உங்களைப் போல நினைப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அமெரிக்காவின் நோர்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் 17,260 அன்ட்ரொய்ட் அப்களை எடுத்துப் பரிசோதித்தார்கள். இரகசியமாக மைக்கைத் திறந்து குரலை அனுப்பிய ஒரு அப்பையும் அவர்கள் காணவில்லை. (திரையைப் படம் பிடித்து அனுப்பிய சிலவற்றைக் கண்டார்கள். அது வேறு வயிற்றெரிச்சல்.) கணக்கும் இடிக்கிறது. குரலை மிகவும் சுருக்கி நொடிக்கு 24 கிலோபிட் என்று அனுப்பினாலும் மணிக்குப் பதினொரு எம்பி போகும். நீங்கள் விழித்திருக்கும் 16 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி, மாதத்துக்கு 5 ஜிபி. செட்டிங்ஸில் 'டேட்டா யூசேஜ்' திறந்து பேஸ்புக்கின் பின்னணிப் பாவனையைப் பாருங்கள். வீடியோ பார்த்ததைக் கழித்தால் இவ்வளவு வராது. அன்ட்ரொய்ட் 12 முதல், எந்த அப் மைக்கையோ கமராவையோ திறந்தாலும் திரையின் மேல் வலது மூலையில் பச்சை அடையாளம் தெரியும். ராவையில் கதைக்கும்போது அது எரிகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் யார் சொன்னது? உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் விடை இருக்கிறது: படிவத்தில் பெயரும் இலக்கமும் கொடுத்தேன் என்கிறீர்கள்.

விளம்பரம் போடும் நிறுவனங்கள் தங்கள் இணையத்தளத்துக்குள் 'மெட்டா பிக்சல்' என்ற சிறு நிரலை வைக்கின்றன. அது கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் பக்கத்தைத் திறந்தவுடன் எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எந்தப் பொத்தான் என்று மெட்டாவுக்கு அனுப்பும். மருத்துவமனைகள் இதை வைக்காது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகள் 100இன் தளங்களைச் செய்தியாளர்கள் 2022இல் சோதித்தபோது 33இல் பிக்சல் இருந்தது, நோயாளி முற்பதிவு செய்யும் பக்கத்திலேயே. தளத்தின் உரிமையாளர் இன்னொரு வசதியையும் திறந்துவைத்திருந்தால், படிவத்தில் நீங்கள் அடிக்கும் பெயர், மின்னஞ்சல், போன் இலக்கம் ஆகியவற்றையும் பிக்சல் பிடித்துக்கொள்ளும். பிக்சல் பிடிக்காவிட்டாலும், படிவம் நிரப்பியவர்களின் இலக்கங்களை மருத்துவமனையின் விளம்பரப் பிரிவு பிறகு ஒரு பட்டியலாக ஏற்றலாம்.

'இலக்கத்தை நேரடியாக அனுப்புவதில்லை, மறைகுறியாக மாற்றித்தான் அனுப்புகிறோம்' என்று சொல்வார்கள். அது உண்மை. உங்கள் இலக்கம் 94இல் தொடங்கும் வடிவத்துக்கு மாற்றப்பட்டு, 64 எழுத்து நீளமான ஒரு குறியாகிறது. அந்தக் குறியிலிருந்து இலக்கத்தைத் திரும்ப எடுப்பது நோக்கமல்ல. ஒரே இலக்கத்துக்கு எப்போதும் ஒரே குறிதான் வரும் என்பதுதான் இதில் சூட்சுமம். நீங்கள் பேஸ்புக் திறந்தபோது கொடுத்த இலக்கத்துக்கும் மெட்டாவிடம் அதே குறி இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பொருந்திவிடும். நீங்கள் எந்த பிரௌசரில் வந்தீர்கள், இன்கொக்னிட்டோ போட்டீர்களா என்பதற்கெல்லாம் அதன் பிறகு வேலையே இல்லை.

இன்கொக்னிட்டோ செய்யும் வேலை சிறியது. பார்த்த பக்கங்களின் பட்டியல் உங்கள் போனில் தங்காது, ஜன்னலை மூடியதும் குக்கிகள் (தளங்கள் உங்கள் போனில் வைக்கும் சிறு அடையாளக் கோப்புகள்) அழியும். போனை வாங்கிப் பார்க்கும் மச்சாளிடமிருந்து மறைக்கும், நீங்கள் போன தளத்திடமிருந்து மறைக்காது. 2025 ஜூனில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளிப்படுத்திய ஒரு விஷயம் இதைவிட மோசம். அன்ட்ரொய்ட் போனில் பேஸ்புக் அல்லது இன்ஸ்டகிராம் அப் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால், பிரௌசரில் திறந்த பக்கத்தின் பிக்சல், போனுக்குள்ளேயே ஒரு வாசல் வழியாக அந்த அப்போடு பேசியது. அப்பில் நீங்கள் உங்கள் பெயரில் நுழைந்திருப்பதால், யாரென்று தெரியாமல் உலாவிய ஆளுக்குப் பெயர் கிடைத்தது. இன்கொக்னிட்டோவிலும் அது வேலை செய்தது. 2024 செப்டெம்பரிலிருந்து நடந்த இதை, ஆய்வு வெளியான 2025 ஜூன் 3ஆம் திகதி மெட்டா நிறுத்தியது. நீங்கள் பார்த்தது அதற்குப் பிந்தியது என்பதால் உங்களுக்கு இது பொருந்தாது. ஆனால் 'இன்கொக்னிட்டோ' என்ற பெயரில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதற்கு இது போதும்.

மச்சாளின் போனுக்கு எப்படிப் போனது என்பதை விளம்பரமே சொல்லும். அதன் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் 'வை ஆம் ஐ சீயிங் திஸ் அட்' என்று வரும். '25 முதல் 40 வயதுப் பெண்கள், இலங்கை' என்ற மாதிரி இருந்தால் உங்களுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை; அந்த வயதில் அவரும் ஒருவர், அவ்வளவுதான். ஒரே ரவுட்டரில் இருப்பதால் ஒரே ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) தெரிகிறது, அதுவும் ஒரு வீட்டுக்காரர்கள் என்று ஊகிக்க உதவலாம். எதுவானாலும், நீங்கள் எந்தத் தளம் பார்த்தீர்கள் என்று அவருக்கு அந்த விளம்பரம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. மறுபடி கேட்டால் 'எனக்கும் வருது, எல்லாருக்கும் வருது' என்றால் போதும். அது பொய்யும் இல்லை.

இனி அறுக்க வேண்டிய இடங்களைப் பார்ப்போம். பெரும்பாலானோர் போனின் அனுமதிகளிலிருந்து தொடங்குவார்கள். உங்கள் விஷயத்தில் கசிவு கணக்கின் பக்கத்தில் இருப்பதால் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பேஸ்புக் அப்பில் மூன்று கோட்டை அழுத்தி 'செட்டிங்ஸ் அண்ட் பிரைவசி', பிறகு 'செட்டிங்ஸ்'. மேலே 'அக்கவுன்ட்ஸ் சென்டர்' என்ற பெட்டி தெரியும். அதற்குள் 'யுவர் இன்போர்மேஷன் அண்ட் பெர்மிஷன்ஸ்', அதற்குள் 'யுவர் அக்டிவிட்டி ஓஃப் மெட்டா டெக்னொலஜீஸ்'. இந்தப் பெயர்களை அடிக்கடி மாற்றுவார்கள். காணாவிட்டால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'ஓஃப் மெட்டா' என்று தேடுங்கள். பேஸ்புக் லைட் பாவிப்பவர்கள் அதில் கிடைக்காவிட்டால் குரோமில் பேஸ்புக்கைத் திறந்து செய்யலாம்.

உள்ளே போனதும் எதையும் அழிக்க முதல் 'ரீசன்ட் அக்டிவிட்டி'யைத் திறந்து நிதானமாக வாசியுங்கள். உங்களைப் பற்றி மெட்டாவுக்குத் தகவல் கொடுத்த நிறுவனங்களின் பெயர்கள் அங்கே வரிசையாக இருக்கும்: உடுப்புக் கடை, வேலைவாய்ப்புத் தளம், விளையாட்டு அப், போன்ற பலதும். அந்த மருத்துவமனையின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அழுத்தி, எத்தனை தடவை, எந்தத் திகதியில் அனுப்பியது என்று வரும் திரையை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பிறகு தேவைப்படும்.

அதன் பின் 'கிளியர் பிரீவியஸ் அக்டிவிட்டி'. இதுவரை வந்தது உங்கள் கணக்கிலிருந்து பிரிக்கப்படும், அதற்கு 48 மணி நேரம் வரை எடுக்கலாம். இதோடு நிறுத்திவிடுவதுதான் பலர் விடும் பிழை. நாளைக்கு வருவது மறுபடி சேரத் தொடங்கும். ஆகவே அடுத்தது 'மனேஜ் ஃபியூச்சர் அக்டிவிட்டி'க்குள் 'டிஸ்கனெக்ட் ஃபியூச்சர் அக்டிவிட்டி'. இதை அழுத்த முன் ஒன்றைப் பாருங்கள்: வேறு அப்களுக்குள் 'கொன்டினியூ வித் பேஸ்புக்' என்று நுழைந்திருந்தால் இது அந்த வழியை மூடிவிடும். அந்த அப்களில் முதலில் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் போட்டு வழி செய்துகொண்டு வாருங்கள்.

இங்கே சொற்களைக் கவனியுங்கள். 'டிஸ்கனெக்ட்' என்றால் உங்கள் பெயரோடு சேர்ப்பதை நிறுத்துவது. நிறுவனங்கள் அனுப்புவது நிற்காது. பெயரில்லாத தகவலாக அது தொடர்ந்து போகும். இருந்தாலும் உங்கள் திரையில் வரும் விளம்பரத்துக்கு அது பிடிமானமாக இருக்காது என்பதால் உங்களுக்கு வேண்டியது இதுதான்.

அதே அக்கவுன்ட்ஸ் சென்டரில் 'அட் பிரிஃபரன்சஸ்' இருக்கிறது. அதில் 'அக்டிவிட்டி இன்போர்மேஷன் ஃப்ரொம் அட் பார்ட்னர்ஸ்' என்பதைத் திறந்து 'நோ' பக்கத்தைத் தெரிவு செய்யுங்கள். பிறகு 'அட் டொபிக்ஸ்' என்ற இடம். அங்கே 'பேரன்டிங்' என்று தேடி 'சீ லெஸ்' போடுங்கள். குழந்தை உடுப்பு, பால்மா, தொட்டில் விளம்பரங்களும் இதனால் குறையும். முற்றாக நிற்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் திரையைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு குழந்தையின் முகம் வந்து நிற்காமல் இருப்பது உங்கள் நிலையில் சின்ன விஷயம் இல்லை. திரும்பத் திரும்ப வரும் அந்த மருத்துவமனை விளம்பரத்தில் மூன்று புள்ளியை அழுத்தி 'ஹைட் அட்' கொடுத்து, அந்த விளம்பரதாரரையே மறைத்தும் விடலாம்.

'அப்லோட் கொன்டக்ட்ஸ்' என்பதும் 'யுவர் இன்போர்மேஷன் அண்ட் பெர்மிஷன்ஸ்'க்குள்தான் இருக்கிறது. அது திறந்திருந்தால் உங்கள் போன் புத்தகம் முழுக்க மெட்டாவுக்குப் போகிறது, மூடுங்கள்.

அடுத்தது பிரௌசர். பேஸ்புக்குக்குள் ஒரு இணைப்பை அழுத்தினால் அது குரோமில் திறப்பதில்லை, பேஸ்புக்கின் சொந்த பிரௌசரில் திறக்கிறது. அங்கே எந்தப் பக்கத்துக்குப் போனீர்கள் என்று 30 நாள் பட்டியல் வைத்திருக்கும் 'லிங்க் ஹிஸ்டரி' 2024இலிருந்து இருக்கிறது, கேட்காமலே திறந்தபடி. ஏதாவது ஒரு இணைப்பை அங்கே திறந்து, மூன்று புள்ளி வழியாக பிரௌசர் செட்டிங்ஸுக்குப் போய் 'அலவ் லிங்க் ஹிஸ்டரி'யை மூடுங்கள். மருத்துவ விஷயம் என்றால் இணைப்பை அழுத்தவே வேண்டாம். நிறுவனத்தின் பெயரை வேறு பிரௌசரில் தேடிப் போங்கள். ஏனென்றால் பேஸ்புக்கிலிருந்து வெளியே போகும் முகவரிகளின் வாலில், கேள்விக்குறிக்குப் பின்னால், ஒரு நீண்ட எழுத்துச் சரம் ஒட்டப்படுகிறது. எந்த அழுத்தலிலிருந்து வந்தவர் என்று தளத்தின் பிக்சல் அதை வைத்துத்தான் திருப்பிச் சொல்கிறது. முகவரியைப் பிரதி எடுத்து ஒட்டுவதானால் அந்த வாலை வெட்டிவிட்டு ஒட்டுங்கள்.

வேறு பிரௌசர் என்று நான் சொல்வது பயர்பொக்ஸ். குரோமை அப்படியே விட்டுவிடுங்கள், அது வங்கிக்கும் பேஸ்புக்குக்கும். பயர்பொக்ஸைப் பிளே ஸ்டோரில் எடுத்து, அதன் செட்டிங்ஸில் 'என்ஹான்ஸ்ட் ட்ரக்கிங் புரொடெக்ஷன்' என்பதை 'ஸ்ட்ரிக்ட்' ஆக்குங்கள். 'அட்ஒன்ஸ்' பகுதியில் 'யூபிளொக் ஒரிஜின்' என்பதைச் சேருங்கள், இலவசம். அதற்குள் கூகுளுக்கோ பேஸ்புக்குக்கோ ஒருபோதும் லொகின் ஆகாதீர்கள். இந்த விதியை மீறினால் மற்றதெல்லாம் வீண். இதில் மருத்துவமனைத் தளத்தைத் திறந்தால் பிக்சல் பெரும்பாலும் ஓடாது. முகவரிப் பட்டையில் உள்ள கேடயத்தை அழுத்தினால் யார் யாரைத் தடுத்தது என்ற பட்டியலும் தெரியும். சில தளங்களில் ஸ்ட்ரிக்ட் போட்டால் படமோ பொத்தானோ வேலை செய்யாது. அந்தத் தளத்துக்கு மட்டும் கேடயத்தைத் தளர்த்தலாம். குரோமிலும் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'க்குள் 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' என்பதைத் தடுத்துவையுங்கள். கூகுள் தானாகச் செய்யப்போவதாகச் சொல்லி, 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டது.

எந்த பிரௌசராலும் தடுக்க முடியாத வழியும் உண்டு. இப்போது பல நிறுவனங்கள் பிக்சலோடு நிற்காமல், தங்கள் சேர்வரிலிருந்து (தளம் ஓடும் கணினியிலிருந்து) நேரடியாக மெட்டாவின் சேர்வருக்குத் தகவலை அனுப்புகின்றன. உங்கள் போனுக்கு வெளியே நடப்பதை உங்கள் போனில் போடும் எதுவும் மறிக்காது. அதற்கு ஒரே மருந்து, பொருந்திப் போகக்கூடிய எதையும் கொடுக்காமல் இருப்பது. படிவம் நிரப்ப வேண்டாம். மருத்துவமனையின் பொது இலக்கத்துக்கு நீங்களே அழைத்து விசாரியுங்கள். இலக்கம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பேஸ்புக்கோடு தொடர்பில்லாத இன்னொரு சிம்மின் இலக்கத்தைக் கொடுங்கள். முதல் ஆலோசனைக்கு உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் போனால் இந்தப் பிரச்சினையே இல்லை. அவர் கொப்பியில் எழுதுவது எந்த விளம்பரக் கம்பனிக்கும் போவதில்லை.

மாதவிடாய் நாட்களைக் குறிக்கும் அப் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால் அதையும் யோசியுங்கள். 'ஃப்ளோ' என்ற பிரபல அப், பெண்கள் பதிந்த விபரங்களைப் பேஸ்புக் உட்பட வெளியாருக்குக் கொடுத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டி, 2021இல் இணக்கத்துக்கு வரவைத்தது. அதே விவகாரத்தில் 2025 ஓகஸ்டில் கலிபோர்னிய ஜூரி ஒன்று மெட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சுவரில் தொங்கும் கலண்டரில் ஒரு புள்ளி வைத்தால் அந்த வேலை முடிந்துவிடும்.

போன் பக்கத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். செட்டிங்ஸில் 'கூகுள்', அதற்குள் 'அட்ஸ்', அதற்குள் 'டிலீட் அட்வர்டைசிங் ஐடி'. வெவ்வேறு அப்கள் 'இது ஒரே ஆள்' என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பாவிக்கும் இலக்கம் அது. அழித்த பின் அப்களுக்கு வெறும் பூச்சியங்கள்தான் போகும், உங்களுக்கு ஒரு வசதியும் குறையாது. பிறகு 'பெர்மிஷன் மனேஜர்' திறந்து, பேஸ்புக்குக்கு லொகேஷனையும் கொன்டக்ட்ஸையும் எடுத்துவிடுங்கள். மைக்கை 'ஆஸ்க் எவ்ரி டைம்' ஆக்கினால் மனதுக்கும் ஆறுதல். சாம்சுங் போன்ற சில போன்களில் பேஸ்புக் அப்பைக் கழற்றினாலும் 'மெட்டா சேர்விசஸ்', 'மெட்டா அப் மனேஜர்', 'மெட்டா அப் இன்ஸ்டோலர்' என்று மூன்று கூட்டாளிகள் உள்ளேயே இருப்பார்கள். 'அப்ஸ்' பட்டியலில் இருந்தால் 'டிசேபிள்' செய்யலாம், போன் பழுதாகாது.

பேஸ்புக்கை அழிப்பதா என்றால், கட்டாயம் இல்லை. அழிப்பதானால் 'டீஅக்டிவேட்' என்பதை அழிப்பு என்று நினைத்துவிடாதீர்கள், அது வெறும் திரை போடுவது. 'டிலீட்' கொடுத்தால் 30 நாளுக்குள் திரும்ப லொகின் ஆனால் இரத்தாகிவிடும், அழிப்பு தொடங்கியதிலிருந்து எல்லாவற்றையும் முழுக்க நீக்க 90 நாள் வரை எடுக்கும். இன்னொரு வழி, அப்பைக் கழற்றிவிட்டுக் குரோமில் மட்டும் பேஸ்புக் பார்ப்பது. கொஞ்சம் மந்தமாக இருக்கும். ஆனால் பின்னணியில் எதுவும் ஓடாது. கல்யாண வீடு, மரண அறிவித்தல், கோயில் திருவிழா நேரலை என்று ஊர்ச் செய்தி முழுக்கப் பேஸ்புக்கில் ஓடும் இந்தக் காலத்தில் எனக்கு இதுதான் நடக்கக்கூடிய ஆலோசனையாகத் தெரிகிறது.

வட்ஸ்அப்பில் நீங்கள் அம்மாவோடு கதைப்பதும் எழுதுவதும் 2016இலிருந்து முழுமையாக மறைகுறியாக்கப்பட்டே போகின்றன. மெட்டாவால் வாசிக்க முடியாது. ஆனால் யாரோடு, எப்போது என்பது தெரியும். கவனிக்க வேண்டியது மூன்று இடம். கூகுளில் சேரும் பேக்கப்புக்கு இந்தப் பூட்டு தானாக வராது: 'செட்டிங்ஸ்', 'சட்ஸ்', 'சட் பேக்கப்' போய் 'எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்கப்' திறந்து கடவுச்சொல் போடுங்கள், மறந்தால் யாராலும் மீட்டுத்தர முடியாது, எழுதி வையுங்கள். இரண்டாவது, மருத்துவமனை போன்ற வியாபாரக் கணக்கோடு சட் பண்ணினால் அங்கே வாசிப்பவர் ஒருவர் மட்டும் என்று நினைக்க வேண்டாம், அந்த நிறுவனம் அதைத் தன் விளம்பர வேலைக்கும் பாவிக்கலாம். மூன்றாவது, வட்ஸ்அப்பை அக்கவுன்ட்ஸ் சென்டரில் சேர்க்கச் சொல்லிக் கேட்டால் 'நொட் நவ்'. இமோவுக்கு மைக்கும் கமராவும் அழைப்புக்கு வேண்டும். லொகேஷன் வேண்டியதில்லை, எடுத்துவிடுங்கள்.

விபிஎன் உங்களுக்கு உதவாது. விளம்பரக் கம்பனிகளிடமிருந்து அது மறைப்பது ஐபி முகவரியை மட்டும்தான். உங்கள் பெயரில் பேஸ்புக்குக்குள் இருந்துகொண்டு ஐபியை மாற்றி என்ன பயன்? இலவச விபிஎன் என்றால் இன்னும் கவனம். 'ஒனாவோ' என்ற விபிஎன் அப்பை 2013இல் வாங்கிய பேஸ்புக், அதைப் பாதுகாப்பு அப் என்று மக்களுக்குக் கொடுத்து, அதன் வழியாக அவர்கள் வேறு எந்த அப்களைப் பாவிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. 2019இல்தான் அது மூடப்பட்டது.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அந்த ஸ்கிரீன்ஷொட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. சுகாதாரத் தகவலை அது விசேட வகைத் தரவாக வைத்திருக்கிறது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 முதல் நடைமுறைக்கு வருவதாக இருந்து ஒத்திவைக்கப்பட்டன. ஆகவே சட்டத்தைக் காட்டி உடனே வழக்குப் போடலாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மருத்துவமனையின் முகாமைத்துவத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதலாம். பல இடங்களில் விளம்பர முகவர்கள் பிக்சலை வைத்தது வைத்தியர்களுக்கே தெரியாது. இப்படி எழுதினால் போதும்:

"இத்தனையாம் திகதி உங்கள் இணையத்தளத்தின் குழந்தைப்பேறு சிகிச்சைப் பக்கத்தைப் பார்த்தேன். அந்தத் தகவல் மெட்டா நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டிருப்பதை எனது கணக்கில் காண்கிறேன், படம் இணைத்துள்ளேன். எனது இலக்கத்தை உங்கள் விளம்பரப் பட்டியல்களிலிருந்து நீக்கும்படியும், சிகிச்சைப் பக்கங்களிலும் படிவத்திலும் உள்ள பிக்சலை அகற்றும்படியும், இரண்டும் செய்யப்பட்டதை எழுத்தில் உறுதிப்படுத்தும்படியும் கேட்டுக்கொள்கிறேன்."

உங்கள் முழுப் பெயரோ சிகிச்சை விபரமோ அதில் வேண்டாம். பட்டியலில் தேடி நீக்க இலக்கம் மட்டும் போதும்.

எல்லாம் செய்து இரண்டு கிழமை கழித்து மறுபடி 'ரீசன்ட் அக்டிவிட்டி'யைத் திறந்து பாருங்கள். புதிய பெயர்கள் சேராமல் இருக்க வேண்டும். சேர்ந்திருந்தால் 'டிஸ்கனெக்ட் ஃபியூச்சர் அக்டிவிட்டி' பதியவில்லை என்று அர்த்தம். இன்ஸ்டகிராம் கணக்கும் வைத்திருந்து அது அதே அக்கவுன்ட்ஸ் சென்டரில் சேர்க்கப்படாமல் தனியாக நின்றால், அதற்குள்ளும் போய் இதே படிகளை ஒருக்காச் செய்ய வேண்டும்.